றோட்டோரப் பாத்தி

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள். சிலர் வரம்பில் குந்தியிருந்தார்கள், சிலர் கவிழ்த்துப்போட்ட வாளிகளில். எல்லோருக்கும் முழங்கை வரை செம்மண். மார்கழிக் கடைசி. வெங்காயத் தாளில் பனி இன்னும் காயவில்லை. ஸ்கூட்டியைக் கம்பி வேலியோரம் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் றோட்டோரத்தைப் பார்த்தேன்.

அங்கே இரண்டு பாத்திகளில் கோரைப்புல் முழங்காலுக்குக் கிட்ட வளர்ந்து நிற்கவேண்டும். முந்தின கிழமை வரை நின்றது. இப்போது ஒரு புல் இல்லை. கூட்டிய முற்றம் மாதிரி மண் தெரிந்தது. நடுவில் சோகை பிடித்த வெங்காயம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது.

தவமணி ஒரு கோப்பையை நீட்டினார். அந்தக் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்கிறவர் அவர். கணவர் மயிலிட்டியில் கடலுக்குப் போகிறவர் என்பதால் தோட்டம் முழுக்கத் தவமணியின் பொறுப்பு.

"விடியக் காலமை தொடங்கினது மிஸ். இப்பதான் முடிஞ்சுது. பாருங்கோ, எவ்வளவு வடிவாக் கிடக்கெண்டு" என்றார் பக்கத்து வீட்டு ராணி. பெண்களைக் கூட்டிவந்தவர் அவர்தான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"உள்ளுக்கை இருந்த ரண்டு பாத்தியும்?" என்று கேட்டேன்.

"அதையும் விடேல்லை. செய்யிறதெண்டா முழுசாச் செய்யோணும்."

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்கும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும், அதனால் பலருக்கு அது தெரிவதில்லை. கோப்பையை வாங்கிக் குடித்தேன். சீனி கூடியிருந்தது. மூன்று போகமாக அந்தத் தோட்டத்தில் நான் செய்துவந்த ஆராய்ச்சி அன்று காலையோடு கெட்டுவிட்டது.

புல்லு மிஸ்

ஆட்டெருவோடு புல் விதையும் தோட்டத்துக்கு வருகிறது என்று சென்ற வாரம் இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆடு வளர்க்கிற ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். "ஆட்டிலை பிழை சொல்லாதையுங்கோ மிஸ். திண்டதைத்தானே அது போடும்" என்றார். நியாயமான பேச்சு. ஆட்டோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. வட்டுக்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் குடும்பம் எங்களுடையது. அப்பா பௌதிகம் படிப்பித்தவர். மூத்த பிள்ளை டொக்டராக வரவேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அல்ல. கோடையில் வெயில் அடிக்கும் என்பது மாதிரி அது ஏற்கெனவே இருந்தது. எனக்கு மருத்துவம் படிக்கப் பரீட்சைப் புள்ளி போதவில்லை. விவசாயம் கிடைத்தது. அதற்குள்ளும் யாரும் விரும்பி எடுக்காத களைப் பாடம் எனக்கு வந்து சேர்ந்தது.

பிறகு கலாநிதிப் பட்டம் வாங்கியபோது அம்மாவுக்கு ஆறுதல். எப்படியோ பெயருக்கு முன்னால் டொக்டர் வந்துவிட்டது. எதற்கு டொக்டர் என்று கேட்காதவர்களுக்கு அவர் விளக்கம் சொல்லப் போகவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அன்ரி தன் முழங்காலைக் காட்டி, என்ன பூசலாம் என்று கேட்டார்.

"நான் புல்லுக்குத்தான் டொக்டர் அன்ரி."

"அதுக்கென்ன பிள்ளை. புல்லுப்பூண்டிலைதானே மருந்து செய்யிறவை."

அன்றிலிருந்து புல்லு டொக்டர். தோட்டங்களுக்குள் போகப்போக அதுவும் தேய்ந்து புல்லு மிஸ் ஆனேன். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பெயரை யாரும் திருப்பி வாங்கவில்லை.

களை ஆராய்ச்சி செய்கிறவருக்குப் புல்லைக் கண்டால் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். களை என்று தனியாக ஒரு சாதி கிடையாது. வேண்டாத இடத்தில் நிற்பதெல்லாம் களைதான். வெங்காயத்துக்குள் நிற்கும் அறுகைப் பிடுங்கி எறிகிறோம். அதையே கோயிலில் பிள்ளையாருக்குச் சாத்துகிறார்கள். கல்யாணத்தில் அறுகுபோல் வேரூன்றி வாழ்க என்று வாழ்த்துகிறார்கள். அறுகு எப்படி வேரூன்றும் என்று எனக்குத் தெரியும். அந்த வாழ்த்தைக் கேட்கும்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரரை நினைத்துக் கொஞ்சம் பயப்படுவேன்.

கோரை

கோரை வேறு ரகம். வெளியே நாலு இலை, நடுவில் ஒரு தண்டு. பார்த்தால் பாவம் போல இருக்கும். வேலையெல்லாம் மண்ணுக்குக் கீழே. ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் ஓடும், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு கட்டும், அதிலிருந்து இன்னொன்று. இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு அங்கேயே இருக்கும். உழுதால் நூல் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் போய்விடும். அதற்கு வேண்டியது வெயிலும் ஈரமும் கிளறிய மண்ணும். ஒரு நல்ல தோட்டக்காரர் வெங்காயத்துக்குக் கொடுப்பதும் அதே மூன்றும்தான்.

மருந்து அடித்தால் என்ன என்று கேட்பார்கள். அடிக்கலாம். ஆனால் எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். தோட்டத்தில் ஊற்றியது எதுவும் தோட்டத்தோடு நிற்பதில்லை. மருந்து இல்லாமல் கோரையோடு பிழைக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. கடைசி சில வருடங்கள் வேறு எதையும் நான் தேடவில்லை.

அதற்குத் தோதான இடம் மயிலிட்டிக்குக் கொஞ்சம் உள்ளே கிடைத்தது. நல்ல செம்மண். யுத்தத்தில் இராணுவம் மூடிவைத்து, யாரும் போகமுடியாமல் நெடுங்காலம் கிடந்த காணிகள் அவை. திறந்துவிட்டபோது சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வீடு இருந்த இடத்தில் பத்தைக் காடு, ஒழுங்கைப் பாதை இருந்த இடத்திலும் பத்தை. ரொறன்ரோவிலிருந்து வந்த பரமலிங்கம் என்பவர் தன் கிணற்றைத் தேடிக் காலை முழுக்க அலைந்துவிட்டுக் காணாமல் திரும்பிப் போனாராம். அவருடைய காணியைத்தான் தவமணி குத்தகைக்கு எடுத்தார். பத்தையை வெட்டியபோது கிணறும் வந்தது. கல்லும் மண்ணுமாகத் தூர்ந்து கிடந்ததைத் தவமணியும் கணவரும் சேர்ந்து வாரி, இறைத்து, நல்ல தண்ணீர் காணும்வரை விடவில்லை.

நான் முதன்முதலாகப் போய்க் கேட்டபோது தவமணி சிரித்தார். "நாங்கள் புல்லைக் கலைக்கப் பாடுபடுறம். நீங்கள் புல்லு வளக்கிறதுக்கு இடம் கேட்டு வாறியள்."

"எல்லாப் பாத்தியிலையும் இல்லை. நாலிலை ஒண்டிலை மட்டும்."

"அதிலை ஏன் மிஸ்?"

"சும்மா விட்டா எவ்வளவு நட்டமெண்டு தெரிஞ்சாத்தானே, மற்றதாலை எவ்வளவு லாபமெண்டு சொல்லலாம்."

யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த வேதாகமக் களைக் கதையிலும் வயல்காரர் அறுவடைவரை களையை விட்டுவைக்கச் சொல்வார். என் தொழிலுக்கு ஆதரவாகப் பேசிய முதல் தோட்டக்காரர் அவர். இரண்டாவது தவமணி.

சீட்டு

றோட்டில் தொடங்கிக் கிணறு வரை நீளுகிற நாலு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நாலு பாத்தி. ஒன்றில் கிழமைக்கு ஒருமுறை கையால் பிடுங்குவது. ஒன்றில் வைக்கோல் பரப்புவது. ஒன்றில் வெங்காயத்துக்கு இடையே கீரை விதைத்துக் கோரைக்கு வெயில் படாமல் செய்வது. ஒன்றைச் சும்மா விடுவது. எது எந்த இடத்தில் என்பதை நான் தெரிவு செய்யக் கூடாது. தவமணியும் கூடாது. நல்ல மண் உள்ள இடத்தை நமக்குப் பிடித்த முறைக்குக் கொடுத்துவிடுவோம் என்பதால் சீட்டுக் குலுக்க வேண்டும்.

முதல் இரண்டு போகமும் பிரச்சினை இல்லை. சும்மா விட்ட பாத்திகள் எல்லாம் உள்ளுக்குள் விழுந்தன. மூன்றாவது போகத்தில் தவமணி தானே சீட்டெடுத்தார். சுளகில் மடித்துப் போட்டிருந்த துண்டுகளில் அவர் முதலில் விரித்தது றோட்டோரப் பாத்திக்கு உரியது. சும்மா விடுவது. அடுத்த வரிசைக்கு எடுத்தார். அங்கும் றோட்டோரம் சும்மா விடுவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

அவர் முகம் மாறியது. "றோட்டாலை போற சனம் என்ன சொல்லும்? தவமணி சோம்பேறியெண்டு சொல்லும். திருப்பி ஒருக்கா எடுப்பமே?"

"அது கூடாது தவமணி."

"ஒருக்காத்தானே மிஸ்."

"பிடிக்காத சீட்டைத் திருப்பி எடுத்தா அது சீட்டில்லை. பிறகு எதுக்குக் குலுக்குவான்?"

வெளியூர் வாசகர்களுக்கு இதில் உள்ள கஷ்டம் விளங்காமல் போகலாம். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்பது வீட்டுக்கு முன்னால் விரித்துவைத்த மானம். வெங்காயப் பாத்தியில் ஒரு புல் நின்றால், போகிறவர் சைக்கிளை நிறுத்தி, வேலிக்கு மேலால் கையை விட்டுப் பிடுங்கிவிட்டுப் போவார். அதற்கு நன்றி சொல்லவேண்டும். கேட்காமல் செய்ததற்குக் கோபிக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில் றோட்டோரமாக இரண்டு பாத்திகளைக் கோரைக்கு விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. தவமணி விட்டார். "நீங்கள் சொல்லுறபடி" என்றார், அவ்வளவுதான்.

ரொறன்ரோவுக்குப் போன படம்

யார் அனுப்பியது என்று கடைசிவரை தெரியவில்லை. யாரோ ஒருவர் றோட்டில் நின்று, அந்த இரண்டு பாத்திகள் மட்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, வட்ஸ்அப்பில் பரமலிங்கத்துக்கு அனுப்பிவிட்டார். உங்கடை காணி கிடக்கிற நிலைமையைப் பாருங்கோ என்று ஒரு வரியும்.

பரமலிங்கம் தவமணியைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றார் தவமணி. "திருப்பிக் காடாக்கிப் போட்டியள்" என்று மட்டும் சொன்னாராம். பொங்கலுக்குத் தான் வருவதாகவும், காணியைத் திருப்பி எடுப்பதாகவும், கல்யாண மண்டபம் கட்ட ஒருவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னாராம்.

நான் அவரோடு கதைத்தேன். மரியாதையாகப் பேசினார். ஆராய்ச்சி என்றேன், சீட்டு என்றேன், நாலில் ஒன்று என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மிஸ், சும்மா விட்டா என்ன வருமெண்டு பாக்க உங்களுக்கு ஆராய்ச்சி வேணும். எனக்கு வேண்டாம். என்ரை காணியை அவ்வளவு காலம் சும்மா விட்டிருந்ததுதானே. என்ன வந்ததெண்டு நான் வந்து பாத்தனான்."

பலகை ஒன்றில் 'ஆராய்ச்சிக்கான பாத்தி' என்று எழுதி நட்டேன். அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

தவமணிக்குச் சொந்தமாக இருந்தது கடற்கரையில் ஒரு வீட்டுத் துண்டு. உப்பு மண், ஒரு மிளகாய்க் கன்றும் நில்லாது. இந்தக் காணி போனால் அவருக்குத் தோட்டம் இல்லை. கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போகவேண்டியதுதான். அவர் பயந்து போயிருந்தார். ஆனாலும் பாத்தியைத் துப்பரவாக்கச் சொல்லி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. வெங்காயம் கிண்ட இன்னும் ஒரு மாதம் இருந்தது. பொங்கல் அதற்கு முதலே வந்தது.

வாற திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை தவமணியிடம் சொல்லிவிட்டு வந்தேன். இடையில் இருந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்து யோசித்துப் பார்த்தேன். றோட்டோரப் பாத்திகள் இரண்டையும் விட்டுக்கொடுத்தால் உள்ளே இரண்டு மிஞ்சும். முடிவு நொண்டும், ஆனால் நடக்கும். தவமணி வாய்விட்டு ஒன்றும் கேளாமலே என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு இருந்ததற்கு நான் கொடுக்கக்கூடியது அது. திங்கட்கிழமை காலை அதைச் சொல்லத்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

கோப்பை காலியான பிறகு

ஆகவே, செம்மண் கைகளோடு அந்தப் பெண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த காலை.

அவர்கள் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. தவமணிக்குக் காணி போகப்போகிறது என்று கேள்விப்பட்டு, தங்கள் வேலையை விட்டுவிட்டு, கூலி கேளாமல் வந்து, குனிந்த முதுகு நிமிராமல் புல்லுப் பிடுங்கியிருந்தார்கள். உள்ளே கிடந்த இரண்டையும் சேர்த்தே பிடுங்கியிருந்தார்கள் என்பதற்கு அவர்களைக் கோபிக்க முடியுமா? நான் கோபித்தேன்தான், மனதுக்குள். வாயால், "வடிவாக் கிடக்கு" என்றேன்.

ஸ்கூட்டியடிக்குத் தவமணி பின்னால் வந்தார்.

"ஆராய்ச்சி கெட்டுப்போச்சோ மிஸ்?"

"ஓம்."

"அவையளுக்குச் சொல்லாதையுங்கோ."

"சொல்லேல்லை."

கம்பி வேலியில் கையை வைத்தார். "நான் வேண்டாமெண்டு மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை. எனக்கு வேறை காணியில்லை மிஸ்."

பிடுங்கிய கோரையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆட்டுக்குப் போட்டாயிற்று என்றார்.

பிடுங்கினால் என்ன வரும்

பொங்கலுக்குப் பரமலிங்கம் வரவில்லை. அங்கே கடும் பனி, விமானம் எழும்பவில்லை என்று செய்தி வந்தது. எங்களுக்கும் பனிதான், ஆனால் ஒரு சால்வையோடு தீருகிற பனி.

அவர் வரப் பிந்திய நாட்களில் கோரை பிந்தவில்லை. இலையை இழந்த கிழங்கு உறங்காது. ஒரு முளையை வெட்டினால் தூங்கிக்கொண்டிருக்கும் பக்கத்து முளையையும் எழுப்பிக்கொண்டு வரும். நான் ஒரு கிழமையில் போய்ப் பார்த்தபோது பாத்தி முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை. அதற்கடுத்த கிழமை முன்பிருந்ததைவிட நெருக்கமாக, பளபளவென்று, புது வெல்வெட் விரித்தது போல நின்றது.

ராணி வேலியால் எட்டிப் பார்த்தார். "இதென்ன மிஸ், நாங்கள் பிடுங்கினதெல்லாம்?"

"நீங்கள் கோரைக்கு நல்லது செய்திருக்கிறியள்."

"விசர் புல்லு" என்றார். திரும்பவும் ஆட்களைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டார். தவமணி வேண்டாம் என்றார். களைத்துப்போய்விட்டார் என்று நினைக்கிறேன். வருவது வரட்டும் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

அடுத்த நாளே பரமலிங்கம் வந்து இறங்கினார்.

கிழங்கின் மணம்

அறுபதைத் தாண்டிய, உயரமான மனிதர். வந்த வான் வண்டியை றோட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு வேலியோரமாக நின்று பார்த்தார். தவமணி கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். வணக்கம் சொன்னார். பாத்தியைப் பார்த்தார்.

பிறகு குந்தியிருந்து விரலால் மண்ணைக் கிண்டினார். ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறி மூக்கில் வைத்தார். கோரைக்கிழங்குக்கு ஒரு மணம் உண்டு. கற்பூரமும் நனைந்த மண்ணும் சேர்ந்த மாதிரி.

"எங்கடை ஐயாவின்ரை கை இப்பிடித்தான் மணக்கும்" என்றார், தன் தகப்பனைச் சொல்லி.

எழும்பவில்லை. அப்படியே இருந்துகொண்டு பேசினார். "வீடு இல்லை. மாமரம் இல்லை. எல்லைக்கல்லும் இல்லை. ஆனா பாருங்கோ மிஸ், ஐயா சாகுமட்டும் மல்லுக்கட்டின கோரை கிடக்கு. இவ்வளவு காலமும் மண்ணுக்குள்ளை இருந்து எழும்பி வந்திருக்கு. என்ன, அப்பிடித்தானே?"

தவமணி என்னைப் பார்த்தார். ஓம் எண்டு சொல்லுங்கோ என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

ஓம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் தெரிந்தது. ஐயாவின் கோரை வளர்கிற காணியை அவர் கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கமாட்டார். ஒரு சொல்தானே. ஒரு நாளும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் பிடிக்காத சீட்டைத் திருப்பி எடுக்கக் கூடாது என்று தவமணிக்குச் சொன்னது நான். அந்தச் சொல்லால் தவமணிக்குக் காணியே போகப்போகிற இடத்தில், எனக்கு வசதியான சீட்டை நான் எடுக்க முடியாது.

"இல்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஐயாவின்ரை கோரை இல்லை. கோரை நிழல் தாங்காது. பத்தைக்குக் கீழை கொஞ்ச வருசத்திலை கிழங்கு செத்துப்போம். உங்கடை காணி காடாக் கிடந்த காலத்திலை ஐயாவின்ரை கோரை முழுக்கச் செத்திருக்கும்."

"அப்ப உது எங்கையிருந்து வந்தது?"

"காணி துப்பரவாக்கின மெசினின்ரை சில்லிலை ஒட்டி வந்திருக்கும். ட்ரக்டர் கலப்பையிலை வந்திருக்கும். எருவோடையும் வந்திருக்கும். உழுது, தண்ணி விட்டு, வெயில் படுற நிலத்திலைதான் இது வரும். காடாக்கிப் போட்டியளெண்டு நீங்கள் தவமணிக்குச் சொன்னனியள். காட்டிலை கோரையைக் காணமாட்டியள். ஆள் பாடுபடுற இடத்திலை மட்டும்தான் காணுவியள்."

தவமணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னோடு இனி வாழ்நாளில் கதைக்கமாட்டார் என்று நினைத்தேன்.

பரமலிங்கம் கிழங்கை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். வானில் இருந்த யாரோ கோர்ன் அடித்தார்கள். அவர் திரும்பவில்லை.

"அப்ப, தவமணி வந்தாப் பிறகு வந்த கோரை."

"ஓம்."

"உம்மடை கோரையோ உது?" என்று தவமணியைக் கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றார் தவமணி. "என்ரைதான்."

அவர் எழும்பிக் கிணற்றடிக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கிணற்றுக் கட்டில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். முந்தி வந்தபோது அவர் கண்டுபிடிக்காத, தவமணி வாரி இறைத்து எடுத்த கிணறு. தவமணி ஒரு வாளி அள்ளிக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார், சட்டையெல்லாம் நனைந்தது.

"வாற வருசம் பொங்கல் இங்கைதான்" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "அடுப்புக்கு இந்தக் கிணத்தடியிலை இடம் விடும். வெங்காயத்தை இவ்விடம் மட்டும் நடாதையும்."

தவமணி தலையை ஆட்டினார். அழுதார். அவர் அழுததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

வானுக்குப் போகும்போது பரமலிங்கத்தின் சட்டைப் பொக்கற் கொஞ்சம் புடைத்திருந்தது. என் கண்ணுக்கு இப்படியானவை தப்பாது, தொழில் பழக்கம்.

"பொக்கற்றிலை இருக்கிறதைத் தாங்கோ" என்றேன்.

"ஒரு கிழங்குதானே மிஸ்."

"ஒண்டே போதும்."

"அந்தக் குளிருக்கை முளைக்குமே?"

"வீட்டுக்குள்ளை பூச்சாடியிலை முளைக்கும்."

அவர் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. கிழங்கை எடுத்து என் கையில் வைத்துவிட்டு வானில் ஏறினார்.

இன்னொரு முறை

அந்தப் போகத்துக் கணக்கை நான் எந்த முடிவிலும் சேர்க்கவில்லை. சேர்க்கவும் முடியாது. ஒருமுறை மட்டும் பிடுங்கி விட்ட பாத்தியில் கோரை முன்னிலும் பெருகியது என்பதைப் பின்னர் வேறு தோட்டங்களில் ஒழுங்காகச் செய்து பார்த்தேன், அது உண்மைதான். அதை ராணியின் கண்டுபிடிப்பு என்று கூட்டங்களில் சொல்லுவேன். ராணிக்கு அதில் பெருமை இல்லை.

தவமணியின் காணியில் மூன்றாம் போகத்தை மறுபடி செய்யவேண்டி வந்தது. மாரி மழை ஓய்ந்து வெங்காயம் நட ஆயத்தமான நேரம் பரமலிங்கத்திடமிருந்து செய்தி வந்தது. இந்தமுறை சீட்டைத் தான் எடுக்கிறாராம். தவமணியின் கை ராசியில் தனக்கு நம்பிக்கை இல்லையாம்.

யார் எடுத்தாலும் ஒன்றுதான் என்பதால் எனக்கு மறுப்பில்லை. வட்ஸ்அப்பில் முகம் தெரிய வந்தார். தவமணி சுளகில் சீட்டுகளைக் குலுக்கி ஃபோனுக்கு முன்னால் பிடித்தார். வேலிக்கு மேலால் ராணியும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதலாவது றோட்டோரப் பாத்திக்கு" என்றேன்.

"இடக்கைப் பக்கம், ஓரத்திலை கிடக்கிறது" என்றார் பரமலிங்கம்.

தவமணி அதை எடுத்து விரித்து, ஃபோனுக்கு நேரே காட்டினார். சும்மா விடுவது.

பரமலிங்கம் முகத்தை ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுவந்து அதை வாசித்தார்.

"மிஸ், திருப்பி ஒருக்கா எடுக்கேலாதோ?"

நான் வாய் திறக்குமுன் தவமணி சொன்னார்: "அது கூடாது அண்ணை."

சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்குச் சுளகைக் குலுக்கத் தொடங்கினார்.